எல்லாம் எனக்கு வாங்கியது

ஜூலை 6, ஞாயிறு

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஃபீடிங் நைட்டி பார்த்தேன். கேவலம்.

நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் ஜிப். ஜிப்பின் பல் உள்பக்கம் அப்படியே திறந்து கிடக்கிறது. மேலே ஒரு பட்டித் துணி வைத்துத் தைக்க மனசில்லை பாவிகளுக்கு. பால் குடிக்கிற கன்னத்தில் கீறாதா? விற்கிற பெண்ணிடம் கேட்டேன். "எல்லாரும் இதத்தாங்க்கா வாங்கறாங்க" என்றாள். எல்லாருக்கும் கண் இல்லை போலிருக்கிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறவள். வெளிநாட்டுக்காரன் போடப் போகிற ஜட்டியில் ஒரு நூல் பிசிறி நின்றாலும் பண்டலோடு திருப்பி அனுப்புகிறவள். என் உடம்புக்கு வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேனா?

வாங்காமல் வந்தேன். வீட்டில் அத்தை, "எங்க கண்ணு போயிட்டு வாரே?" என்றார். "சும்மா நடந்துட்டு வந்தேனுங்க அத்தை" என்றேன். ஆறு மாத வயிற்றோடு வேகாத வெயிலில் யார் சும்மா நடப்பார்கள்? அத்தை மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

செக்கப். புது நர்ஸ்.

"முதல் குழந்தையாங்க்கா?"

"ரெண்டாவது."

"மூத்தது என்ன, பொண்ணா பையனா?"

"பொண்ணு."

"ஸ்கூல் போகுதா?"

மோகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நல்ல புருஷன். எனக்கும்தான் தொண்டை வறண்டது, நான் எங்கே எழுந்து போவது? "இப்ப இல்லீங்க" என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும்போது என் கையை ரொம்ப மெதுவாகப் பிடித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒன்பதாம் மாதம், வயிற்றுக்குள்ளேயே. காரணம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ரத்தம் கொஞ்சம் கம்மி. முருங்கைக் கீரை சாப்பிட வேண்டுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

போனில் பால் பம்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காய்கறிக் கூடையோடு பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னமோ மெஷினாட்ட இருக்குது?"

"பால் எடுக்கறதுங்க. வேலைக்குப் போறவங்க வெச்சுக்குவாங்க."

அத்தை கூடையைக் கீழே வைத்தார். "இப்பத்திக்கு எதுவும் வாங்க வேண்டாங் கண்ணு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வரட்டும். வந்தப்பறம் கடையையே வாங்கிப் போடலாம். போன தடவ..."

நிறுத்திவிட்டார். "போன தடவ" வரைக்கும் வருவார், அப்புறம் வெண்டைக்காயை நறுக்குவார்.

போன தடவை நான் ஒரு அலமாரி நிறைய வாங்கி வைத்திருந்தேன். சட்டை, குல்லா, மஞ்சள் கலரில் காலுறை, கொசுவலை, எல்லாம். தலைப்பிரசவம் என்று காங்கேயத்தில் அம்மா வீட்டுக்குப் போய், வெறும் கையோடு திரும்பி வந்தபோது அலமாரி காலியாய்த் துடைத்து வைத்திருந்தது. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. ஆனால் பிறக்கும் முன்னால் வாங்கியதால்தான் என்று இந்த வீட்டில் ஒருவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. நான் சயின்ஸ் குரூப் படித்தவள்.

இருந்தாலும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். குழந்தைக்கு என்று ஒரு கைக்குட்டைகூட வாங்கப் போவதில்லை. என் உடம்பில் படுகிறதை மட்டும் வாங்குவேன். நைட்டி நான் உடுப்பது. பிரா நான் போடுவது. இதையெல்லாம் யாரும் குழந்தைக்கு வாங்கியது என்று சொல்ல முடியாது. அத்தையும் சொல்ல முடியாது, அவர் கும்பிடுகிற சாமியும் சொல்ல முடியாது.

ஜூலை 18, வெள்ளி

பூக்காரம்மா வாசலில் நின்று, "மாசமா இருக்கற புள்ள, தலையில ஒரு முழம் மல்லி வையேன் அம்மிணி" என்று தொந்தரவு. மல்லிகை வாசம் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அத்தை உள்ளேயிருந்து, "எங்கூட்டுக்கு மல்லி வேண்டாங்க, செவ்வந்தி இருந்தாக் குடுங்க" என்றார்.

அவர் சாமி படத்துக்கு ரொம்ப நாளாகச் செவ்வந்திதான் போடுகிறார். விலை குறைச்சல் என்பதால் இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

ஜன்னத் அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் பேக்கிங் அவர் பொறுப்பு. மூன்று பெற்று மூன்றுக்கும் பால் கொடுத்தவர். என் சட்டத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப தலகாணி? மடியில வெச்சுப் பால் குடுக்கற தலகாணி யாருக்குடீ?"

"எனக்குத்தான். என் முதுகு வலிக்காம இருக்கறதுக்கு."

"அதுமேல படுக்கறது யாரு?"

"அது அவங்க இஷ்டம்க்கா. தலகாணி என்னுது."

"நீ செக்கிங்குக்கு வந்திருக்கக் கூடாதுடீ. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

வாங்குவதையெல்லாம் அவர் வீட்டு பீரோவில் வைக்க ஒத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னார். பால் உறிஞ்சுகிற பேட் கடையில் வாங்காதே, நாமே தைக்கலாம் என்று. ஒருதரம் வைத்து எறிகிறதை வாங்கினால் உள்ளே பிளாஸ்டிக் தாள் வேர்த்து அரிக்குமாம். கட்டிங்கில் மீந்த பனியன் துணி இரண்டு அடுக்கு, நடுவில் டவல் துணி ஒன்று, வட்டமாக வெட்டி ஓரம் ஓவர்லாக் போட்டால் போதும் என்றார். நான் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றேன்.

"வெள்ளத் துணியில எங்கடீ சாயம் போகும்?"

பார்ப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

"இத்தன பேட் எதுக்கு? அவ்வளவு பாலா வரப்போகுது?" என்று கேட்டார். வரும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. டீ போட எழுந்து போனார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அத்தை பக்கத்து வீட்டாரோடு பவானிக் கூடுதுறைக்குப் போய் வந்தார். எனக்கு வயிற்றில் தடவ மஞ்சள், மோகனுக்கு முறுக்கு, தனக்கு ஆற்றங்கரைக் கடையில் ஒரு எவர்சில்வர் பாலாடை.

பாலாடை! பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம்தான். எடுத்து அடுப்படி அலமாரியில் வைக்கும்போது நான் பார்த்துவிட்டேன். எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். நான் வாங்கக் கூடாது, இவர் வாங்கலாமா?

"அது எதுக்குங்க அத்தை?"

"எனக்குத்தாங் கண்ணு. இருமலு டானிக் குடிக்க. ஸ்பூன்ல ஊத்துனா கை நடுங்கிச் சிந்தீருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க அத்தை, பச்சக் கொழந்தையாட்ட பாலாடைல குடிக்கப் போறீங்களா?"

"வயசானா எல்லாரும் கொழந்தைதான்" என்றார். பக்கத்தில் டானிக் பாட்டில் ஒன்றும் வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தை இருமி நான் கேட்டதில்லை. ராத்திரியில் இருமுகிறாரோ என்னவோ, எனக்குத் தூக்கம் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 9, சனி

ஜன்னத் அக்காவோடு போய்ப் பம்ப் வாங்கினேன். அரை நாள் போயிற்று.

கரண்டில் ஓடுவது, கையால் அமுக்குவது என்று இரண்டு வகை. கடைக்காரப் பையன் கரண்டு பம்பைப் பற்றி ராக்கெட் விடுகிற மாதிரி பேசினான். நான் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். கரண்டு பம்ப் இழுத்துப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது, சத்தம் வேறு தையல் மிஷின் மாதிரி. கம்பெனியில் எனக்குப் பால் எடுக்க இடம் என்றால் ஸ்டோர் ரூம்தான். அந்தச் சத்தத்துக்கு வாட்ச்மேன் வரைக்கும் எட்டிப் பார்ப்பார்கள். கைப் பம்ப் போதும். கழற்றிக் கழுவச் சுலபம், பாகமும் கம்மி. மார்பில் வைக்கிற புனல் மட்டும் எனக்குச் சரியான அளவு வேண்டும் என்றேன். பையன் காது சிவந்துபோய் அவனுடைய அக்காவைக் கூப்பிட்டான்.

பிரச்சினை வீட்டுக்கு வரும் வழியில்தான். பெட்டிக்குள் பம்போடு ஒரு பால் புட்டியும், குழந்தை சப்புகிற ரப்பரும் இருந்தன.

"இது யாருக்குடீ?" என்று ஜன்னத் அக்கா புட்டியை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

ரோட்டிலேயே நின்றுவிட்டேன். ரப்பர் என் உடம்பில் படுகிறது இல்லை. எப்படிப் பார்த்தாலும் என்னுடையது ஆகாது. திரும்பிக் கடைக்குப் போய் அதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். செட்டாகத்தான் வரும், பிரிக்க முடியாது என்றான். காசு திருப்பித் தர வேண்டாம், சும்மா எடுத்துக்கொள் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டான், என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஜன்னத் அக்கா வழியெல்லாம் சிரிக்கவில்லை. ஆட்டோவில் என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கால் வீக்கம். ஒன்றும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தைத்த பேட்களில் ஒன்றை எடுத்துவந்து துவைத்துக் காயப்போட்டேன், வெயிலில் முறுக்கிக்கொள்கிறதா என்று பார்க்க. கொடியில் மோகன் லுங்கிக்குள் மறைத்துத்தான் போட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் லுங்கி இருக்கிறது, பேட் இல்லை. கொடி முழுக்க, கீழே மண்ணில் எல்லாம் தேடினேன்.

கடைசியில் என் தலையணைமேல் இருந்தது. நாலாக மடித்து, மேலே கனத்துக்கு ஒரு புத்தகம் வைத்து. அத்தை ஏதோ கைக்குட்டை என்று நினைத்திருப்பார். நல்லவேளை.

முறுக்கவில்லை. தையல் நிற்கிறது. பாஸ்.

அத்தை இன்றைக்கும் பாலாடையை வெந்நீரில் கொதிக்கப் போட்டு எடுத்தார். வாராவாரம் வெள்ளிக்கிழமை இது நடக்கிறது. ஒரு இருமல் டானிக்குக்கு இவ்வளவு சுத்தமா! மீதிப் பாத்திரங்களை விளக்கும்போது இந்தச் சுத்தம் எங்கே போகிறதோ.

செப்டம்பர் 1, திங்கள்

அம்மா காங்கேயத்திலிருந்து போன். இந்தத் தடவையும் அங்கேயே வந்துவிடு என்று அழுகை. வரமாட்டேன் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டில்தானே என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிவிடுகிறேன், அப்புறம் கிழித்தால் கிழிக்கிறேன்.

அங்கே மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. குழந்தை இல்லை என்று என் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் பாலைச் சுரந்துகொண்டு நிற்கிறது. ஜாக்கெட் நனைந்து, புடவை நனைந்து, துக்கம் கேட்க வந்த ஒறம்பரை சனமெல்லாம் பார்க்க உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எதை எதையோ சொன்னார்கள், இதை ஒருத்தரும் சொல்லவில்லை. அம்மா முழம் முழமாக மல்லிகைப் பூ வாங்கிவந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மல்லிகை கட்டினால் பால் வற்றும். எல்லா ஊரிலும் செய்கிறதுதான். பாவம், அழுதுகொண்டேதான் கட்டினார். பூ என் உடம்புச் சூட்டில் வாடி அழுக, அழுக, புதுப்பூ வைத்துக் கட்டினார். வற்றியது.

அதனால்தான் தலைவலி.

அதனால்தான் இத்தனை பேட். இந்தத் தடவை ஒரு சொட்டு வந்தாலும் யாரும் பார்க்க நான் நனைந்து உட்காரமாட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மதியம் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தபோது இடுப்பிலிருந்து ஒரு வலி. இரண்டாவது தடவை வந்ததும் சூப்பர்வைசர் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மோகனும் அத்தையும் ஓடிவந்தார்கள். பொய் வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்துடிப்பைச் சத்தமாக வைத்துக் கேட்கவும் வைத்தார்.

எழுத வந்தது அது இல்லை.

வண்டியில் போகும்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பம்ப். பம்பை வாங்கினேனே, பம்பை வாங்கினேனே என்று அதுவேதான் ஓடியது. இந்த வீட்டில் ஒருவர் அப்படி நினைக்கிறார் என்று ஜூலையில் எழுதினேன். அத்தையைத்தான் சொன்னேன். அத்தை நினைக்கிறாரோ இல்லையோ, நான் நினைக்கிறேன். மஞ்சள் காலுறை வாங்கிய அன்றிலிருந்து எண்ணி எண்ணிப் பார்த்தவள் நான்தான். பயமாக இருக்கிறது. சயின்ஸ் குரூப்பாவது மண்ணாவது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ரசம் சோறு பிசைந்து தட்டைக் கையில் கொடுத்தார். "பயந்துட்டியா சாமி?" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். "நானும் பயந்துட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 20, சனி

கம்பெனியில் நாளையிலிருந்து லீவு. கடைசியாக பிராவை முடிவு செய்தேன். ஒரு கையால் கழற்றி மாட்டுகிற கொக்கி, அடியில் கம்பி கிடையாது, நல்ல காட்டன், தோள்பட்டை அகலம். மூன்று வாங்கினேன். ஒன்று உடம்பில், ஒன்று துவைக்க, ஒன்று காய. நைட்டி கடையில் கிடைக்கவே இல்லை. ஜன்னத் அக்கா சாம்பிள் செக்ஷனில் சொல்லி ஜிப் இல்லாமல், மடிப்புக்குள் திறப்பு வைத்து இரண்டு தைத்து வாங்கிவிட்டார். கையை விட்டுப் பார்த்தேன். எங்கும் கீறாது.

என் பக்கம் எல்லாம் தயார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

மோகன் மெதுவாக, "கொழந்தைக்கு ஒரு துணியாவது...?" என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஒரு மாதம் இருக்கும்போதே. போகிறோம்.

செப்டம்பர் 26, வெள்ளி

பெண். அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு தையல் போட்டது, ஊசி குத்தியது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. மூச்சு நன்றாக இருக்கிறது, உடம்புச் சூடு நிற்கவில்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நேற்று மார்பில் வைத்துப் பார்த்தார்கள். வாயை வைக்கிறாள், இரண்டு இழுப்பு, தூங்கிவிடுகிறாள். உறிஞ்சத் தெம்பில்லை. இப்போது பால் உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று சிஸ்டர் சொன்னார்.

எனக்குக் கவலையே இல்லை. அதற்குத்தானே மூன்று மாதமாக நாயாய் அலைந்தேன். மோகனைவிட்டு ஜன்னத் அக்காவுக்குப் போன் போடச் சொன்னேன். அக்கா மூட்டையோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் எடுத்து வைக்க வைக்க, அத்தை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையணை. பிரா. பேட் ஒரு கட்டு. நைட்டி இரண்டு. பம்ப். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தை கிட்டே வந்து நைட்டியின் திறப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"தையலு நல்லாருக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பம்பை மாட்டினேன். சிஸ்டர் வந்து பார்த்து, "அதெல்லாம் ஒரு நாலு நாள் கழிச்சுங்க்கா" என்றார். "இப்ப வர்றது சீம்பால். சொட்டுச் சொட்டாத்தான் வரும், கெட்டியா இருக்கும். மெஷின் போட்டா புனல்லயே ஒட்டிட்டு நின்னுக்கும். கையால எடுக்கலாம், நான் சொல்லித் தர்றேன். நேரா பாலாடைல புடிச்சு அப்படியே பாப்பாவுக்குப் புகட்டிரலாம். பாலாடை கொண்டு வந்திருக்கீங்களா?"

இல்லை. குழந்தையின் வாய்க்குப் போகிற எதையும் நான் வாங்கவில்லை. அதுதானே சட்டம். கட்டில் நிறைய சாமான் கிடக்கிறது, அத்தனையும் எனக்கு. என் பெண்ணுக்கு ஒரு சொட்டு ஊற்ற ஒன்று இல்லை. எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். சிஸ்டர்மேல் இல்லை, என்மேல். பம்பைத் தூக்கித் தலையணைமேல் எறிந்தேன்.

மோகன், "கீழ மருந்துக் கடையில கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தார்.

"நீ இரு" என்றார் அத்தை.

அவருடைய துணிப்பையின் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். பாலாடை.

"அத்தை, அது உங்க டானிக் பாலாடைங்க!"

"கொதிக்கப் போட்டு எடுத்தாச்சு, பயப்படாத" என்றார். சிஸ்டர் வாங்கி, மோந்து பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "புதுசாட்ட இருக்குதே பாட்டி" என்றார். அத்தை முடிச்சுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். சிஸ்டர் மறுபடி ஒருமுறை கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார்.

சிஸ்டர் காட்டிக் கொடுத்தபடி நான் அமுக்க, அத்தை பாலாடையை அடியில் பிடித்தார். முதல் சொட்டு வர ரொம்ப நேரமாயிற்று. மஞ்சளாக, நெய் மாதிரி. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. ஸ்பூன் பிடித்தால் நடுங்கும் என்று சொன்ன கை கொஞ்சம்கூட ஆடவில்லை. போன தடவை எவ்வளவு பால், துணி துணியாக நனைந்து வீணாய்ப் போனது. இந்தத் தடவை பாலாடையின் அடி நனைகிற அளவுதான், ஒரு சொட்டு கீழே விழ விடவில்லை நாங்கள் இரண்டு பேரும்.

பாலாடையின் மூக்கு நுனியைப் பாப்பாவின் உதட்டோரத்தில் வைத்து சிஸ்டர் சாய்த்தார். நாக்கை நீட்டி நக்கினாள். விழுங்கினாள். நான் சத்தம் போட்டு அழுதேன். அத்தை என் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"போன தடவ நான் அங்க வந்து உம்பட கூட இருந்திருக்கோணும்" என்றார். "அலமாரிய ஒழிக்கறதுலயே இருந்துட்டேன். உன்ர கண்ணுல படக் கூடாதுன்னு அது ஒன்னுதான் தோணுச்சு."

அவர் புடவை முழுக்க என் கண்ணீரும் மூக்குச் சளியும்.

செப்டம்பர் 29, திங்கள்

பால் இறங்கிவிட்டது. பம்ப் நன்றாக வேலை செய்கிறது. புனல் அளவு சரி. பேட் நனைகிறது, நைட்டிக்குத் தாண்டவில்லை. எல்லாம் பாஸ்.

பம்பில் எடுத்ததைப் பாலாடையில் ஊற்றித்தான் கொடுக்கிறோம். மோகனும் கற்றுக்கொண்டார். முதல் தடவை பாதியைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நானும் அத்தையும் ஒரே குரலில் திட்டினோம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்பெனியிலிருந்து பொரி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிறார்கள். அத்தை கதம்பம் வாங்கி, அதில் இருந்த மல்லியை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்துவிட்டு மீதியைக் கொண்டுவந்தார். மல்லி ஏன் வேண்டாம் என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நாளாகத் தெரியுமோ.

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று காலை மார்பிலேயே நன்றாகக் குடித்தாள், நடுவில் தூங்காமல். குடித்து முடித்து என்னைப் பார்த்து ஒரு ஏப்பம்.

மோகன் கடைக்குப் போய்ச் சட்டை, குல்லா, காலுறை என்று வாங்கிவந்து கொட்டினார். காலுறை மஞ்சள்தான். தெரியாமல் வாங்கினாரா, தெரிந்தே வாங்கினாரா, கேட்கவில்லை. தையலைப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரித்துவிட்டுப் போட்டுவிட்டேன்.

வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அலமாரியில் அத்தையின் டானிக் பாட்டில் இருந்தது. ஆடிப் பெருக்கிலிருந்து அதே இடத்தில். தூசி துடைக்கலாம் என்று எடுத்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தேன். சீல் உடையவே இல்லை.

அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெந்நீர் கொதித்தது ஞாபகம் வந்தது. நானாவது ஜன்னத் அக்கா வீட்டு பீரோவில் ஒளித்து வைத்தேன். இவர் என் கண் முன்னாலேயே வைத்திருந்திருக்கிறார்.

"என்ன கண்ணு தேடறே?" அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றார்.

பாட்டிலைத் திரும்ப வைத்தேன். "ஒன்னுமில்லீங்க அத்தை. உங்க இருமல் எப்படி இருக்குதுங்க?"

அத்தை பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே, "இப்பத் தேவலை சாமி" என்றார்.